ஆறடி சிக்லிட் தொட்டி 'பேக்கேஜ்' எடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஆப்பிரிக்கன் சிக்லிட் என்ற கலர் மீன்களுக்கு ஆறடித் தொட்டி ஒன்றை 'பேக்கேஜ்' போட்டுத் தருவதாகச் சொன்ன சென்னைக் கடை ஒன்றில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதில் இன்று உருப்படியாக மிச்சம் இருப்பது எல்.இ.டி. லைட்டும் கொஞ்சம் மணலும்தான். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது ஒரு காரணம். இன்னொன்று, இதே வேலையை வேறு வேறு போர்டு மாட்டிக்கொண்டு பலர் செய்கிறார்கள். பெயரை விட, வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

பேக்கேஜ் என்றால் தொட்டி, ஸ்டாண்டு, சம்ப் ஃபில்டர் (ஸ்டாண்டுக்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டி), மோட்டார், லைட், பாறை, மீன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார், சுவிட்ச் போட்டுட்டு உக்காந்து பாருங்க" என்றார் கடைக்காரர். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டேன். "பிரிச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி டீ வரவழைத்தார். பில் என்று கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் '6×2×2, 12 எம்.எம்., ஃபுல் செட்டப்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தது பின்னால் உதவியது.

முதலில் கண்ணாடி. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் உள்ளே சுமார் 680 லிட்டர் தண்ணீர். அதாவது பழைய மாருதி 800 ஒன்றை ஹாலில் நிறுத்தியதற்குச் சமம். கண்ணாடி, மணல், பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். இந்த அளவுக்கு 12 மி.மீ. கண்ணாடி கேட்டிருந்தேன். வந்த தொட்டியின் மேல் விளிம்பு முழுக்கக் கறுப்பு பீடிங் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டியிருந்தது. அழகுக்கு என்றார்கள். தண்ணீர் நிறைந்ததும் முன் கண்ணாடி நடுவில் வயிறு தள்ளியது. பெரிய தொட்டியில் லேசாக வளைவது சகஜம்தான். இது லேசாக இல்லை. நீளமான அலுமினியப் பட்டையை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் விரல் போகிற இடைவெளி. பீடிங்கை உரித்து, வெர்னியர் என்ற தடிமன் அளக்கும் கருவியை வைத்து அளந்தேன். அடிக்கண்ணாடி மட்டும் 12 மி.மீ., முன்னும் பின்னும் 8 மி.மீ. கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமன் என்றால் இரண்டரைக் கிலோ. அந்தக் கணக்கில் ஆறுக்கு இரண்டு முன் கண்ணாடி 12 மி.மீட்டரில் 33 கிலோ இருக்கும், 8 மி.மீ. என்றால் 22 கிலோதான். விலை வித்தியாசம் எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. உயிர் பயம் வேறு. எங்கள் வீடு முதல் மாடி, கீழே வயதான தம்பதி இருக்கிறார்கள்.

ஸ்டாண்டு பற்றி ஒரு வரி: கனமான சதுரப் பைப் என்று சொல்லிவிட்டு, தட்டினால் தகரம் போல ஒலிக்கிற பைப்பில் வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

மோட்டார் பெட்டியில் மணிக்கு 5,000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. அது மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றாமல் தள்ளும்போது வருகிற கணக்கு. ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்பிலிருந்து தொட்டியின் உச்சிக்கு ஏற்றும்போது வேகம் குறையும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள 20 லிட்டர் குடிநீர் கேன் போதும். தொட்டிக்குத் தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்பைக் கேனில் விட்டு நேரம் பாருங்கள். எனக்கு 40 விநாடி ஆனது. அப்படியானால் மணிக்கு 1,800 லிட்டர்தான். சிக்லிட் தொட்டியில் தண்ணீர் மணிக்கு ஐந்து சுற்றாவது ஃபில்டர் வழியே போக வேண்டும் என்பார்கள். எனக்குத் தேவை 3,400.

இவையெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். மீன்கள் செத்த கதைதான் மோசம்.

நான் கேட்டது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுகள். அவை கடின நீரில், அதாவது சுண்ணாம்பு போன்ற தாது உப்புகள் அதிகம் கரைந்த நீரில், வாழ்பவை. அந்த ஏரியின் பி.எச். (அமில-கார அளவு, 7-க்கு மேல் போனால் காரம்) ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்காத அளவுக்குக் கடினம், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 700 சொச்சம். சிக்லிட் வளர்ப்பவருக்கு இப்படித் தண்ணீர் வாய்த்தால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தத் தண்ணில மீன் நிக்காது சார்" என்று ஒரு பெரிய ஆர்.ஓ. மெஷினை விற்றார். அந்த மெஷின் தண்ணீரில் இருந்த கடினத்தன்மையைக் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சி வெளியே தள்ளியது. அதாவது இந்த மீனுக்கு வேண்டியதை எடுக்க ஒரு மெஷின். கொஞ்ச நாளில் அதைத் திரும்பச் சேர்த்து பி.எச்.-ஐ ஏற்ற 'ஆப்பிரிக்கன் பஃபர்' என்று ஒரு பவுடர் டப்பா. இரண்டுக்கும் காசு நான்தான் கொடுத்தேன்.

தண்ணீர் ஊற்றிய அன்று மாலையே மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நாற்பதுக்கு மேல். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதற்குத்தான் 'சைக்கிளிங்' என்று பெயர். "பாக்டீரியா பாட்டில் ஊத்திட்டோம் சார், ரெடி" என்றார்கள். பாட்டிலில் என்ன இருந்ததோ, டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தபோது அம்மோனியா குழாய் கரும்பச்சையாக, அதாவது அம்மோனியா மிக அதிகம் என்று காட்டி, நின்றது. அந்த டெஸ்ட் கிட்டும் நானாக ஆன்லைனில் வாங்கியதுதான். அவ்வளவு பொருள் விற்ற கடையில் அது ஒன்றுமட்டும் இல்லை.

ஆனாலும் மீன்கள் சாகவில்லை. சோர்ந்து கிடந்தன, அவ்வளவுதான். போன் செய்தேன். கடைப் பையன் ஒருவன் வந்தான், பி.எச். பார்த்தான், 6.5 என்றது. "ஆப்பிரிக்கனுக்கு இது ஆகாது அண்ணா" என்று பஃபர் டப்பாவில் பாதியை ஒரே தடவையில் கொட்டிவிட்டுப் போனான். இரவு பத்து மணிக்குள் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. விடிவதற்குள் இருபத்தெட்டு மீன் போய்விட்டது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இது பல வீடுகளில் நடக்கிறது, எல்லோரும் 'நோய்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரில் உள்ள அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனுக்கு அவ்வளவாகத் தீங்கில்லை. இன்னொன்று விஷமான அம்மோனியா. எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பி.எச். தான் முடிவு செய்கிறது. நம்மூர் வெப்பத்தில், பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் விஷப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 8.4-ஐத் தொட்டால் நூற்றில் பத்தைத் தாண்டும். என் தொட்டியில் சைக்கிளிங் இல்லாததால் அம்மோனியா சேர்ந்துகொண்டே போனது, ஆர்.ஓ. தண்ணீரின் குறைந்த பி.எச். அதை அடக்கி வைத்திருந்தது. பஃபர் விழுந்ததும் இருந்த அம்மோனியம் மளமளவென்று விஷமாக மாறிவிட்டது. முதலில் பாதித் தண்ணீரை மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, பி.எச்.-ஐ நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டும். மீன் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. தெரியாது என்றால் அது இன்னும் மோசம்.

மறுநாள் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "வைட் ஸ்பாட் சார்" என்றார். ஒரு மீனின் உடம்பிலும் வெள்ளைப் புள்ளி இல்லை. மெத்திலீன் புளூ கொடுத்தார். அது தப்பித் தவறி வளர்ந்திருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும் மருந்து. நான் ஊற்றவில்லை.

பிழைத்த மீன்களால் அடுத்த உண்மை வெளியே வந்தது. பேக்கேஜில் எனக்கு அதிக விலை போட்டது பீகாக் என்ற மலாவி சிக்லிட்டுகளுக்கு. ரூபி ரெட், சல்ஃபர் ஹெட், எலெக்ட்ரிக் புளூ எல்லாம் 'தாய்லாந்து இம்போர்ட்' என்றார்கள். இரண்டு அங்குல மீன், ஒவ்வொன்றும் பளபளவென்று முழுக் கலரில். சில வாரங்களில் சிவப்பு வெளிறி, நீலம் சாம்பலாகி, ஒரு நாள் பார்த்தால் தொட்டி முழுக்க ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு விட்டது மாதிரி இருந்தது. (ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான், கேரளத்துக் கரிமீனும்தான். அந்த வகையில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை.)

கொளத்தூரில் பல வருடமாகச் சிமெண்ட் தொட்டிகளில் சிக்லிட் குஞ்சு எடுக்கும் ஒரு அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். பார்த்த உடனே, "ஹார்மோன் மீன் தம்பி. எவ்வளவு கொடுத்தீங்க?" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது இது. பீகாக் மீனில் ஆணுக்கு மட்டும்தான் கலர். பெண் எப்போதும் பழுப்புச் சாம்பல். ஆண் குஞ்சுகளும் ஆரம்பத்தில் அப்படியேதான் இருக்கும். இரண்டரை, மூன்று அங்குலம் வளரும்போதுதான் கலர் எட்டிப் பார்க்கும், அதுவும் தொட்டியில் ரவுடியாக இருக்கும் ஆணுக்கு முதலில். அதனால் நேர்மையான ஒரு கூட்டத்தில் பாதிக்குப் பாதி மங்கலாக, மீதி ஆளுக்கொரு அளவில் நிறம் பிடித்திருக்கும். இரண்டு அங்குலத்தில் அத்தனையும் ஒரே மாதிரி ஜொலித்தால் தீவனத்தில் ஆண் ஹார்மோன் கலந்திருக்கிறார்கள். மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர், திலாப்பியா (ஜிலேபி) பண்ணைகளில் குஞ்சுகளை எல்லாம் ஆணாக்கக் கொடுப்பதும் இதைத்தான். அது கொடுத்தால் பெண் மீனுக்கும் கலர் வரும். நிறுத்தினால் போய்விடும். "கலர் இல்லாத குஞ்சைக் காட்டினா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க, அதான் இவனுங்களுக்கு வசதி" என்றார். எலெக்ட்ரிக் எல்லோ மாதிரி சில முபுனா (மலாவி ஏரியில் பாறைகளுக்கிடையே வாழும் சிக்லிட்) வகைகள் குட்டியிலேயே இரண்டு பாலும் நிறமாக இருக்கும், அவற்றைச் சந்தேகப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

கூட்டத்தில் கலந்திருந்த மற்ற மீன்களையும் அவரே அடையாளம் காட்டினார். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட அழகான ஆறு குட்டிகள் ஔரேட்டஸ். வளர்ந்தால் மலாவி மீன்களிலேயே பெரிய சண்டைக்காரன், சாதுவான பீகாக்கோடு யாரும் சேர்க்க மாட்டார்கள். விலை குறைவு என்பதால் எண்ணிக்கைக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் இரண்டு டைகர் ஆஸ்கர். அது தென் அமெரிக்க மீன், ஓரடி வளரும், வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும். போதாததற்கு 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சக்கர் மீன் நான்கு. அது சுத்தம் செய்வதைவிடப் போடுகிற கழிவு அதிகம். ஆசை விட்டதும் இந்தச் சக்கரைத்தான் எல்லோரும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், நம் ஏரிகளில் அது ஏற்கெனவே வேண்டிய அளவு பெருகிக் கிடக்கிறது.

பாறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.எச். ஏற்றும் என்று வெள்ளைப் பவளத் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். "ராமேஸ்வரம் சரக்கு சார்" என்று பெருமை வேறு. பவளப் பாறைகள் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சோதனை வந்தால் மாட்டுவது ஹாலில் வைத்திருக்கும் நாம்தான். சாதாரணக் கருங்கல்லே அந்த மீன்களுக்குப் போதும்.

கண்ணாடி அளவைக் காட்டிப் பணம் கேட்டபோது கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு உயிர் கிடையாதே என்று கேட்க ஆள் கிடைக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். அதற்கும் கடையிலிருந்து பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் கையில் இருப்பது 12 எம்.எம். என்று எழுதிய அந்தத் துண்டுச் சீட்டு, யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவு, வெர்னியர் வைத்து எடுத்த படங்கள், பஃபர் போட்ட இரவின் வீடியோ. மீனுக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக நிரூபிப்பதுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே விலை போடுவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாங்குவதாக இருந்தால் கண்ணாடியின் மி.மீ., மோட்டாரின் மாடல், மீன் இனம், எண்ணிக்கை, ஒவ்வொன்றின் விலை எல்லாம் ஜி.எஸ்.டி. பில்லில் தனித்தனி வரியாக வரட்டும். மீனைத் தொட்டி போட்ட கடையிலேயே வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

என் தொட்டியின் முதல் நாள் வீடியோவை அந்தக் கடை இன்னும் விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது மீனும் முழுக் கலரில் நீந்துகின்றன, கீழே விலை கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படி வீடியோ பார்த்துக் கடைக்குப் போகிறவர்கள், ஆறு மாதத்துக்கு முன்னால் அவர்கள் செட்டப் செய்து கொடுத்த ஒரு வீட்டுத் தொட்டியை நேரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.