‘ஏரோப்ளேன் தாத்தா’வைத் தேட எது தோது: பத்திரக் கட்டா, டெல்லியா, லண்டனா?

எங்கள் பக்கம் தரைப்படைக்குப் போனாலும் விமானப்படைக்குப் போனாலும் ‘பட்டாளத்துக்குப் போனார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் ஆச்சியின் அண்ணன் மட்டும் ‘ஏரோப்ளேன் தாத்தா’. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் குண்டு போட்டார் என்பாள் ஆச்சி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்ததில், எந்த வழி யாருக்குத் தோதுப்படும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

இணையத்தில் தேடுகிற எல்லோரும் முதலில் லண்டனுக்குத்தான் ஓடுகிறோம். கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்று ஒரு வரிசை உண்டு. ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப்படை அணிகளின் நாட்குறிப்புகள். 540 எண் படிவத்தில் அன்றன்று நடந்தது, 541-ல் எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்ற விவரம். படிக்கப் படிக்க விடாது. ஆனால் அதில் பெயரோடு வருகிறவர்கள் பறந்தவர்களும் அதிகாரிகளும்தான். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தரையில் நின்றவரை அதில் பெயர் சொல்லிப் பார்ப்பது அபூர்வம். அதோடு ஸ்குவாட்ரன் எண் தெரியாமல் அதற்குள் இறங்குவது, தாமிரபரணியில் விழுந்த மூக்குத்தியைத் தேடுகிற கதைதான். நான் மூன்று மாதம் தேடினேன்.

டெல்லி இதற்கு நேர் எதிர். கதை கிடைக்காது, ஆள் கிடைப்பார். சாதாரண விமானப்படை வீரர்களின் பணிப்பதிவுகளுக்கு சுப்ரதோ பார்க்கில் தனியாக ஆவண அலுவலகம் இருக்கிறது. சேர்ந்த நாள், வேலைப் பிரிவு, விடுவிக்கப்பட்ட நாள் என்று கேட்டு எழுதலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 10 ரூபாய். உறவைக் காட்ட வாரிசுச் சான்றிதழ் நகலையும் சேர்த்து வைப்பது நல்லது. ஆனால் பணி எண் இல்லாமல் வெறும் பெயரைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. நம் பெயர்களின் லட்சணம் அப்படி. அப்பா பெயரே ‘சர்நேம்’ ஆகியிருக்கும், அல்லது சாதிப் பெயர் ஏறியிருக்கும். ஞானமுத்து என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஊரும் ‘டின்னவெல்லி’, ‘பாளம்கோட்டா’ என்றுதான் இருக்கும். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும்தான் தனி மாவட்டம் ஆயின. ஆகவே கோவில்பட்டிக்காரரையும் சங்கரன்கோவில்காரரையும் திருநெல்வேலிக் கணக்கில்தான் தேட வேண்டும்.

போரில் இறந்துபோனவர் என்றால் இந்த அலைச்சலே வேண்டாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் வருகிறார்கள். எண், பதவி, தேதி எல்லாம் இருக்கும், பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும்கூட. உயிரோடு திரும்பியவர் அதில் இருக்க மாட்டார், அவ்வளவுதான்.

அப்புறம், கயத்தாறு. போர்க்கால ஓடுதளம் அங்கே இருந்ததால், அதில் மண் சுமந்தவரும் பேச்சுவாக்கில் ‘ஏர்போர்ஸ்’ ஆகிவிடுகிறார். ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கியவரை நான் சொன்ன எந்த இடத்திலும் தேடிப் பயனில்லை.

ஆக, மிச்சம் இருப்பது வீடு. என் ஓட்டு அதற்குத்தான். பதக்கத்தின் விளிம்பிலும் பின்பக்கத்திலும் பெயரும் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. அத்தை ஒருத்தி பழைய பித்தளையோடு சேர்த்துப் போட்டு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கிவிட்டாள். டிரங்குப் பெட்டியிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் அவரைப் பணியிலிருந்து விடுவித்த சான்றிதழ் கிடைத்தது நிலப் பத்திரக் கட்டுக்குள். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் யாரோ நெல் கணக்கு எழுதியிருந்தார்கள். தலைப்பில் ‘ராயல்’ இந்திய விமானப்படை. அந்த அடைமொழி வந்தது 1945 மார்ச்சில், போனது 1950-ல். ஆகவே தேதி அழிந்த தாளுக்கும் காலம் சொல்லிவிடலாம்.

எண் கிடைத்த பிறகு டெல்லிக்கு எழுதினேன். ஸ்குவாட்ரன் எது என்று தெரிந்த பிறகு, கியூ நாட்குறிப்பு வேறு மாதிரிப் படிந்தது. 1944 இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் ஹரிகேன் போர் விமானங்களோடு நின்ற ஒன்றாம் ஸ்குவாட்ரன். தாத்தா பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. சான்றிதழில் இருந்தது ஒரே வார்த்தை: பிட்டர்.

தொண்ணூறைத் தாண்டிய ஆச்சியிடம் தார்சாவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

“அப்போ குண்டு போடலையாலே?”

“இல்ல ஆச்சி. குண்டு போடுற ஏரோப்ளேனுக்கு என்ஜின் மாட்டிருக்காரு.”

“அதத்தாம்லே நானும் சொன்னேன்.”