எலைட் டேஞ்சரஸ்: கள்ளச்சரக்கு ஓட்டினால் கட்டுபடியாகவில்லை

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்கப்பல் கணினி விளையாட்டில் கள்ளச்சரக்கு ஓட்டுவதை நான் இன்றுவரை விடவில்லை. ஆனால் அதில் காசு மட்டும் நின்றதே இல்லை. இத்தனை அழகாக ஒரு வேலையைச் செதுக்கிவிட்டு அதற்குக் கூலி கொடுக்க மறந்தவர்கள் மேல் எனக்கு ஆறாத கோபம்.

அழகு என்று சும்மா சொல்லவில்லை. நிலையத்தை நெருங்கும்போது காவல் கப்பல் ஒன்று நம் பக்கம் மூக்கைத் திருப்பிச் சரக்கைச் சோதிக்கத் தொடங்கும். அது முடிவதற்குள் சைலன்ட் ரன்னிங் என்ற மறைந்தோடும் முறையைப் போட வேண்டும். வெப்பத் துவாரங்கள் மூடிக்கொள்ளும், கேடயம் இறங்கிவிடும், அவன் திரையிலிருந்து நாம் மங்கத் தொடங்குவோம். வெளியேற வழியில்லாத சூடு உள்ளேயே ஏறும். 100 சதவீதத்தைத் தாண்டினால் கருவிகள் சேதமாகும். அப்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் ஹீட் சிங்க் ஒன்றை வெளியே எறிந்தால் சூடு மளமளவென்று இறங்கும். எதிரே நிலையத்தோடு சேர்ந்து சுழலும் செவ்வக வாசல். வேகத்தைக் குறைத்தால் மாட்டிக்கொள்வோம். குறைக்காமல் விளிம்பில் இடித்தால், கேடயம் இல்லாத கப்பல் தாங்காது. உள்ளே நுழைந்த பிறகுதான் மூச்சே வரும். 2014-இல் வந்த விளையாட்டு, இன்றும் என் உள்ளங்கையை வியர்க்க வைக்கிறது.

அதன்பின் கள்ளச்சந்தையில் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. திருட்டுச் சரக்கு என்றால் அடிமாட்டு விலை. போதைப்பொருளோ ஆயுதமோ கொண்டுபோனாலும் பட்ட பாட்டுக்கு ஏற்ற லாபம் கிடையாது. 700 டன்னுக்கு மேல் ஏற்றும் டைப்-9 கப்பலில் நேர்வழியில் வியாபாரம் செய்பவன் பாட்டுக் கேட்டுக்கொண்டே என்னைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறான். 2018 கடைசியில் பாறையைப் பிளக்கும் சுரங்க வேலை வந்த பிறகு வாய்ட் ஓபல் என்ற ரத்தினக்கல் டன்னுக்கு லட்சக்கணக்கில் போனது. கடத்தல்காரன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான்.

நான் பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்பவன். எல்லை தாண்டினால் சரக்கு விலை எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். வாளையாறு வழியாகக் கேரளத்துக்கு ரேஷன் அரிசி கடத்தல் என்று செய்தி வராத ஆண்டு உண்டா? இங்கே அட்டைக்கு இலவசமாகக் கிடைப்பது அங்கே விலைக்குப் போகிறது. மாட்டினால் அரிசியோடு வண்டியையும் பறிமுதல் செய்ய 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் குற்றம் அது; அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் அது நிற்காததற்குக் காரணம், விலை வித்தியாசம் அந்த ஆபத்தையும் மிஞ்சி நிற்பதுதான்.

விளையாட்டில் ஆபத்து, லாபம் இரண்டுமே சப்பையாக இருக்கிறது. அங்குள்ள வல்லரசுகளில் ஒன்றான பேரரசில் அடிமை வணிகம் சட்டப்படி நடக்கிறது, இன்னொன்றான கூட்டமைப்பில் அதே சரக்குக்குத் தடை. இதைவிட நல்ல எல்லைக்கோடு வேண்டுமா? ஆனால் பிடிபட்டால் வெறும் அபராதம், அதைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இழப்பதற்கு ஒன்றுமில்லாத தொழிலில் லாபம் எங்கிருந்து வரும்? சரக்கைப் பறிக்கட்டும், சில நாட்களுக்குக் கப்பலையும் முடக்கட்டும். கெடுபிடி கூடிய மண்டலத்தில் விலையும் அதற்கேற்ப ஏறட்டும். கிடைக்கும் கள்ளச்சரக்கின் அளவைக் குறைத்தால் பெரிய கப்பல்காரர்களும் உள்ளே வந்து விலையைக் கெடுக்க மாட்டார்கள்.

2015, 2016 வாக்கில் ரொபிகோ, சோதிஸ் என்ற விண்மீன் மண்டலங்கள் பக்கமிருந்து நெடுந்தூரக் கடத்தல் மிஷன்கள் கொட்டிக் கொடுத்தன. ஒரே இடத்தில் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஒளியாண்டு ஓடுவார்கள். எல்லோரும் அங்கே குவிந்ததும் வரும்படியை வெட்டினார்கள். வெட்டியது சரியே, அந்தத் தொகை அளவுக்கு மீறியது. ஆனால் வெட்டிய இடத்தில் வேறொன்றை நட்டிருக்க வேண்டாமா?

காங்கேயத்து மாப்பிள்ளை போன வாரம் கேட்டார்: விளையாட்டு தள்ளுபடியில் வருகிறதே, கடத்தல் ஓட்டியே பெரிய கப்பல் வாங்கிவிடலாமா என்று. முடியவே முடியாது, பணம் வேண்டுமென்றால் சுரங்கத்துக்குப் போங்கள் என்றேன். அதே பேச்சில், இன்றைக்கே வாங்குங்கள், சின்னக் கப்பலாக எடுத்து இரண்டு ஹீட் சிங்க் பொருத்துங்கள், சுரங்கம் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன்.