அவுரி நீலக் கட்டி: எடையை நம்பி வாங்காதீர்கள்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துத் தொட்டிகளில் அவுரிச் செடியில் இருந்து எடுக்கும் இயற்கை நீலச் சாயம் இன்று கட்டியாகவும் பொடியாகவும் விற்கிறது. சாயப் பட்டறை வைத்திருப்பவர்களும் வீட்டில் துணி தோய்ப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். நல்ல கட்டி கொடுக்கும் நீலத்தின் ஆழம் அலாதியானது. ஆனால் ஒரே ஊரில் இருந்து வரும் இரண்டு கட்டிகளுக்குள் ஒன்றுக்கு இரண்டாகத் தர வித்தியாசம் இருக்கும். இந்தச் சரக்கின் பெரிய குறை இதுதான். காலனி ஆட்சிக் காலத்தில் இந்திய நீல வியாபாரம் செயற்கை நீலத்திடம் தோற்றதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

தயாரிப்பு முறை அதிகம் மாறவில்லை. பூக்கும் பருவத்தில் அறுத்த அவுரியைத் தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஊற வைக்கிறார்கள். இலையில் உள்ள இண்டிகன் என்ற, நீலத்துக்கு மூலமான பொருள் உடைந்து மஞ்சள் பச்சை நீராக இறங்குகிறது. அதைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி காலால் உதைத்துக் கலக்குகிறார்கள். காற்று பட்டதும் நுரை நீலமாகிறது, நிறமி அடியில் படிகிறது. படிந்த சேற்றை வடிகட்டி, காய்ச்சி, அழுத்தி, வெட்டிக் காய வைத்தால் கட்டி. ஒரு கிலோ கட்டிக்கு இருநூறு கிலோவுக்கு மேல் பச்சைச் செடி வேண்டும்.

தவறு நடக்கும் இடங்களும் இவைதான். ஊறல் நீண்டுபோனால் அழுகல் மிஞ்சி நிறமி கெடும். குறைந்தால் சாறு முழுக்க இறங்காது. கலக்குவது போதவில்லை என்றால் பாதி நிறமி கழிவு நீரோடு போய்விடும். சீக்கிரம் படியட்டும் என்று சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். படியத்தான் செய்யும், ஆனால் சுண்ணாம்பும் கட்டிக்குள் வந்து எடையைக் கூட்டும். வாங்குபவர் சுண்ணாம்புக்கும் நீல விலை கொடுக்கிறார்.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இண்டிகோட்டின் எனப்படும் நீல நிறமி கட்டியில் எத்தனை சதவீதம் என்பது. உதாரணத்துக்கு, கிலோ 3,000 ரூபாய்க் கட்டியில் 25 சதவீதம் நிறமி என்றால் கிராம் நிறமி 12 ரூபாய். 4,500 ரூபாய்க் கட்டியில் 50 சதவீதம் என்றால் 9 ரூபாய். விலை கூடிய சரக்குதான் இங்கே மலிவு. சதவீதம் சொல்லாத விற்பனையாளரிடம் சோதனைக்கு மட்டும் சிறு அளவு வாங்குங்கள்.

கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக, மணல் நெருடல் இல்லாமல் இருக்க வேண்டும். நகத்தால் தேய்த்தால் செம்புப் பளபளப்பு வர வேண்டும். எடை லேசான கட்டிதான் நல்லது. தண்ணீரில் கல்லாக அமிழ்ந்தால் மண்ணோ சுண்ணாம்போ இருக்கிறது. பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குகிறதா? சுண்ணாம்பு. பொடியை நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டிய தெளிநீரில் அயோடின் சொட்டு விட்டு நீலமானால் மாவு கலப்படம். செயற்கை நீலம் கலந்ததைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் மூலக்கூறு ஒன்றேதான். வீட்டுச் சோதனை எதுவும் அதற்குப் போதாது.

இந்தத் தரக் குழப்பம் பழையது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டக்காரர்கள் சர்க்கரைக்கும் காப்பிக்கும் மாறியபோது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் நீலத்தை வளர்த்தெடுத்தது. அங்கே ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் பெரிய தொட்டிகள். சென்னை மாகாணத்திலோ கடப்பை, தென்னார்க்காடு பக்கம் குடியானவர்களும் வியாபாரிகளும் சிறு தொட்டிகளில் எடுத்தார்கள். காய்ந்த இலையைச் சேமித்து வைத்து ஊற வைக்கும் முறையும் இங்கே இருந்தது. புதுச்சேரியில் நீலம் தோய்த்த 'கினே' துணி செனகலுக்குப் போய், அங்கே பிசின் வாங்கும் பணமாகவே புழங்கியது. அந்தத் துணிக்கு இருந்த மதிப்பைப் பார்த்தால், சரக்கில் குறை இருந்ததே தவிர, இங்கத்திய சாயக்காரர்களின் கைத்திறனில் குறை இல்லை என்பது தெளிவு.

ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1.8 கோடி தங்க மார்க் செலவழித்து, 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 20 சதவீதக் கூழ் என்றால் எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் 20 சதவீதம். மான்செஸ்டர் சாயக்காரருக்கு அளவு பார்த்துப் போட்டால் போதும். கட்டிக்குக் கட்டி மாறும் இந்தியச் சரக்கால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

நட்டத்தைத் தோட்டக்காரர்கள் ஏற்கவில்லை. பீகாரின் சம்பாரணில், குடியானவர் தன் நிலத்தில் இருபது கட்டாவுக்கு (கட்டா ஒரு நில அளவு) மூன்று கட்டாவில் கட்டாயமாக அவுரி போட வேண்டும் என்ற தீன்கதியா முறை இருந்தது. விலை விழுந்ததும், அந்தக் கட்டாயத்தில் இருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லி வாரத்தை உயர்த்தினார்கள், மொத்தத் தொகையாகவும் கறந்தார்கள். 1917-இல் காந்தி அங்கே போய் விசாரணை தொடங்கினார். அடுத்த ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. தோட்டக்காரரின் வியாபார நட்டம் உழுதவன் கடனாக மாறிய அநியாயம் இது. இன்று கட்டியின் சதவீதத்தை எழுதிக் கொடுக்கும் தயாரிப்பாளருக்குக் கூடுதல் விலை தருவது நியாயம் என்று நான் நினைப்பது இதனால்தான். தரம் தெரிந்தால்தான் தொட்டிக்காரரால் தன் சரக்குக்கு விலை கேட்க முடியும்.

பயன்படுத்தும்போது அளவு: நீலம் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) மூன்று. 10 கிராம் பொடியை முதலில் வெந்நீரில் கோலிக் குண்டு போட்டுக் குலுக்கி நன்றாக நனையுங்கள். இதைச் சோம்பலாகச் செய்தால் பொடி திட்டுத்திட்டாகத் துணியில் ஒட்டி, பிறகு கையில் கறையாக வரும். பிறகு இரண்டு மூன்று லிட்டர் நீரில், 45 முதல் 50 டிகிரி சூட்டில், மற்ற இரண்டையும் சேர்த்து மெதுவாகக் கிளறி மூடிவையுங்கள். மேலே செம்புநிற ஏடும் நுரையும், கீழே தேன் நிறமோ மஞ்சள் பச்சையோ தெரிந்தால் தயார். நீர் நீலமாகவே இருந்தால் நிறமி இன்னும் கரையவில்லை: சூட்டைப் பாருங்கள், பிறகு கொஞ்சம் பழச்சர்க்கரை, காரத்தன்மை குறைந்திருந்தால் கொஞ்சம் சுண்ணாம்பு. அடியில் படிந்த சுண்ணாம்பில் துணி படக்கூடாது. ஐந்து நிமிடம் முக்கி, கால் மணி நேரம் காற்றில் விரித்து, மறுபடி முக்க வேண்டும். ஒரே முக்கில் கருநீலம் கேட்டால் அது நிற்காது. கடைசியில் வினிகர் கலந்த நீரில் அலசினால் சுண்ணாம்பு போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொடியை விட்டுக் கட்டியையே வாங்குங்கள். உடைத்துப் பார்க்கக் கட்டியில்தான் வழி உண்டு, பொடியில் எது கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.