ரிக்ஸ்டோர்ஃப் ஊர் மந்தையும் அதன் மூன்று நாள் சந்தையும்: போகலாமா?

டிசம்பர் பிறந்தால் பெர்லினில் தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் சந்தைதான். இந்த வருஷம் ஒன்றுக்குத்தான் போக நேரம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ரிச்சார்ட்பிளாட்ஸ் என்பேன், பழைய ரிக்ஸ்டோர்ஃப் ஊரின் நடுத்திடல் அது. வருஷத்தில் மூன்றே நாள், இரண்டாவது அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் இரண்டாவது) வார இறுதியில் மட்டும் நடக்கும் சந்தை. அனுமதிக் கட்டணம் கிடையாது. ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் தருகிறேன், அரை ஏன் குறைந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. நம்மில் பலர் பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்கு யூ7 ரயிலில் போவோம் இல்லையா, அதே தடத்தில் கோயிலுக்கு முன்னால் வரும் கார்ல் மார்க்ஸ் ஷ்ட்ராஸ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன், மேலே ஒரு கிராமம் இருப்பது தெரியாமலே. வெளியே வந்தால் போன் கடை, கெபாப் கடை, ஹாரன் சத்தம், தள்ளுவண்டிக் குழந்தைகள் என்று பெர்லினின் நொய்க்கோல்ன் வட்டாரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துத் தெருவில் திரும்பி ஐந்தாறு நிமிஷம் நடந்தால் சத்தம் அப்படியே அடங்கிவிடும். கருங்கல் பாவிய தெரு, நீளவாக்கில் ஒரு திடல், அதில் மரங்கள், ஓரத்தில் தாழ்வான பழைய வீடுகள், ஒரு முனையில் சின்னஞ்சிறு தேவாலயம். வீடுகள் எல்லாம் சுற்றி நின்று நடுவில் பொது இடம் விட்ட அமைப்பு. நம் ஊரில் மந்தை என்போமே, அதேதான்.

இந்த ஊருக்கு 1360-ஆம் வருஷப் பத்திரம் ஒன்று இருக்கிறது, ரிச்சார்ட்ஸ்டோர்ஃப் என்று அதில் பெயர். அது மருவி ரிக்ஸ்டோர்ஃப் ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் வேலை தேடி வந்த ஜனம் குவிந்து சுற்றிலும் நாலைந்து மாடிக் கட்டடங்கள் எழுந்தன, 1899-இல் நகர அந்தஸ்தும் கிடைத்தது. குடி, ஆட்டம், கேளிக்கை என்று ஊருக்குக் கெட்ட பெயர் சேர்ந்துவிட, 1912-இல் பெயரையே நொய்க்கோல்ன் என்று மாற்றினார்கள். 1920-இல் பெர்லினோடு சேர்ந்தது. இவ்வளவு நடந்தும் இந்த மந்தையை யாரும் கூறுபோட்டு விற்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

சரி, சந்தை. நாங்கள் போனது சனிக்கிழமை சாயங்காலம், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட இருந்தார். மற்ற சந்தைகளில் ஒரே மாதிரி மரக்கூண்டுகளில் ஒரே மாதிரி பொருள்களை வியாபாரிகள் விற்பார்கள், இங்கே கடை போடுவது பெரும்பாலும் சங்கங்கள், உதவி அமைப்புகள், தேவாலயக் குழுக்கள், வருமானம் அவரவர் செய்யும் நல்ல காரியங்களுக்குப் போகிறது. கையால் பின்னிய காலுறை, வீட்டில் காய்ச்சிய ஜாம், மர பொம்மை என்று சாமான்களைப் பார்த்தாலே யாரோ மாசக்கணக்கில் உட்கார்ந்து செய்தது என்று தெரியும். கடைகளில் மண்ணெண்ணெய் விளக்குகள் தொங்கின. அம்மா ஒரு கடை முன்னால் நின்றுவிட்டார், சாமானைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தார். "அரிக்கேன் விளக்குடா, சிம்னியைத் துடைச்சு எத்தனை வருஷம் ஆச்சு" என்றார். கடையில் இருந்த பெண்மணிக்கு நான் ஜெர்மனில் சொன்னதும் அவர் விளக்கை இறக்கி அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மா திரியைக் கொஞ்சம் இறக்கினார், புகை நின்றது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாஷை எதுவும் தேவைப்படவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது மந்தை நடுவில் இருக்கும் கொல்லுப்பட்டறை. 1624 முதல் இந்த இடத்தில் பட்டறை இருப்பதாகக் கணக்கு. காட்சிக்கு வைத்திருக்கும் கட்டடம் இல்லை, இன்றைக்கும் இரும்பு அடிக்கும் பட்டறை, கத்தி செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பும் உண்டு. கதவோரம் நின்று பார்த்தேன். இரும்பு வெளிர்மஞ்சளாகப் பழுத்து வெளியே வரும், நாலு அடி விழுவதற்குள் ஆரஞ்சாகி, மங்கிய சிவப்பாகிவிடும், உடனே திரும்பவும் உலைக்குள். வேலைக்கு உள்ள நேரம் அந்த நாலு அடிதான், அதற்குள் நினைத்த வளைவு வந்தாக வேண்டும். பொறி பறக்கும்போது குழந்தைகள் பின்னால் நகர்ந்து திரும்ப முன்னால் வருவார்கள். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. இந்த மந்தை பிழைத்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, இங்கே இன்னும் வேலை நடக்கிறது. பக்கத்திலேயே நூறு வருஷத்துக்கு மேலான குதிரைவண்டி நிறுவனம் ஒன்றும் இருக்கிறது.

அப்புறம், சந்தையோடு திரும்பிவிடாதீர்கள், பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் ரிச்சார்ட்ஷ்ட்ராஸ, கிர்ஷ்காஸ இரண்டு தெருக்களிலும் நடந்து வாருங்கள். 1737-இல் பொகீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டுப் பக்கத்திலிருந்து, மதத்துக்காகத் துரத்தப்பட்ட புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் பதினெட்டுக்குப் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் இங்கே வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார். அந்தக் குடியிருப்பை இன்றும் பொகீமியக் கிராமம் என்றே சொல்கிறார்கள், வழிவந்த குடும்பங்கள் சில இன்னும் அங்கேயே வாழ்கின்றன. கிர்ஷ்காஸ 5-ஆம் எண் வீடு 1753-இல் கட்டிய பள்ளிக்கூடம், முகப்பில் மேலே நிமிர்ந்து பார்த்தால் ஒரு கிண்ணம் தெரியும், பொகீமிய மதச் சீர்திருத்தவாதி யான் ஹஸ் வழிவந்தவர்களின் அடையாளம் அது. இப்போது உள்ளே சிறிய அருங்காட்சியகம், சில நாள்களில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், பார்த்துக்கொண்டு போங்கள். தெருவிலேயே அரசரின் சிலை, 1912-இல் வைத்தது. இங்கே அடைக்கலம் பெற்ற பொகீமியர்களின் நன்றியுள்ள வழித்தோன்றல்கள் வைத்தது என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. நூற்றெழுபத்தைந்து வருஷம் கழித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் படித்து அர்த்தம் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

இனி குறைகள். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரிகிறது, நடக்க முடியாது, நகரத்தான் முடியும். அம்மாவுக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை, அரை நட்சத்திரம் அதற்குத்தான். பாவுகல் மேடு பள்ளமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் சிரமப்படுவார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு காபிக் கடையில் உட்காரலாம் என்று போனோம், நாற்பது நிமிஷம் காக்கவைத்து, பில் வந்தபோதுதான் கார்டு எடுக்க மாட்டோம் என்றார்கள், நான் ஏடிஎம் தேடி ஓடினேன். அது சந்தைக்காரர்கள் தப்பு இல்லை. ஆனாலும் கையில் ரொக்கம் வைத்திருங்கள், சில்லறையாகவே இருக்கட்டும். சூடான ஒயின் வாங்கினால் கோப்பைக்கு ஃபாண்ட், அதாவது முன்பணம், பிடிப்பார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் சூடான பழரசம் இருக்கிறது, நன்றாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை திறந்த உடனேயோ ஞாயிறு மதியமோ போனால் நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். கூட்டமே வேண்டாம் என்றால் சாதாரண நாளில் போங்கள், பட்டறையில் வேலை நடந்தால் சுத்தியல் சத்தம் மந்தை முழுக்கக் கேட்கும். செப்டம்பரில் வைக்கோல் உருளையை மந்தையைச் சுற்றி உருட்டும் போட்டி ஒன்று உண்டு, 2008-இல் ஆரம்பித்தது. அம்மாவை அதற்கும் கூட்டிவர ஆசை, டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.