பதினொரு வருஷ டவுன் பஸ்: புதுச் சட்டை, பழைய முட்டி

சேலத்தில் உடையாப்பட்டியில் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, செவ்வாய்ப்பேட்டை வரை நடந்து போய் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பதினொரு வருஷமாக இதேதான். ஏறுவது பெரும்பாலும் ஒரு தனியார் டவுன் பஸ். பெயர் வேண்டாம். ஜங்ஷனுக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் நடுவே அவர்களுக்கு மூன்று வண்டி ஓடுகிறது. போன வருஷம் முதலாளி ஒருவழியாகக் காசை இறக்கினார்: இரண்டு வண்டிக்குப் புது பாடி கட்டினார், மூன்றாவதைக் கழித்துவிட்டு, புகையைக் குறைக்கும் புது விதிப்படி வந்த ஒரு பிஎஸ்-6 வண்டி எடுத்தார். மூன்றிலும் ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்த்தாயிற்று.

பாடி மாற்றிய வண்டியில் முதல் நாள் ஏறினால் பெயின்ட் வாசனை, எல்ஈடி போர்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி. வேறு ஏதோ வண்டி என்று நினைத்து ஸ்டாப்பிலேயே தயங்கி நின்றுவிட்டேன். அம்மாபேட்டை ரோட்டில் முதல் பள்ளத்தில் இறங்கியதும் பின் சக்கரத்துக்கு மேலே அதே பழைய ‘டங்’. ஆள் மாறவில்லை, சட்டைதான் புதுசு. அடிச்சட்டமான சேஸ், இன்ஜின், குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை எல்லாம் அப்படியே இருக்கிறது. அரசு பஸ்களிலும் 2023-ல் பழைய சேஸ்மேல் புது பாடி கட்டி மஞ்சள் அடித்து விட்டார்கள், அதனால் இது ஒன்றும் புது யோசனை இல்லை. நியாயமாகச் சொன்னால், முன்பு மழை வந்தால் உள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இப்போது ஒழுகுவதில்லை. ஆனால் கட்டும்போதே ஒரு வரிசை சீட்டைக் கூடுதலாகச் செருகிவிட்டார்கள், முழங்கால் இடிக்கிறது. பாட்டுப் பெட்டிக்கு மட்டும் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

புது வண்டி ஓடும்போது சுகம், புகை இல்லை, சத்தம் குறைவு. வினை வேறு இடத்தில் இருக்கிறது. பிஎஸ்-6 டீசல் வண்டியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, சைலன்சர் பக்கம் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். எங்கள் ரூட்டில் அது எங்கே சூடேறுவது? ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத்தை 2020-ல் திறந்துவிட்டார்கள், சரி, ஸ்டாப் ஸ்டாப்பாக ஆள் ஏற்றுகிற டவுன் பஸ் கீழேதானே ஊர்ந்து போகணும்? கரி அடைக்கிறது என்று டிரைவர் முன்னால் விளக்கு எரிந்ததும் அவர் ஓரங்கட்டி, கரி எரியட்டும் என்று இன்ஜினை முறுக்கவிட்டு உட்கார்ந்திருப்பார். இப்படியே எனக்கு நாலைந்து தடவை லேட். இதே வண்டி அதிகம் நிற்காமல் ஓடும் ஆத்தூர் ரூட்டில் போனால் இந்தத் தொல்லை பாதிகூட இருக்காது. படியும் உயரம். உழவர் சந்தையில் கூடையோடு ஏறும் அம்மாக்களைக் கண்டக்டர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது.

என் மச்சான் பட்டை வேலை செய்கிறவன். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். “பாடிக்குப் போட்ட காசுல கொஞ்சத்தக் கீழ போட்டிருந்தா உங்க முதுகு தப்பிச்சிருக்கும் மாமா. பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், இவ்வளவுதான்.” எனக்கும் அதுதான் படுகிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது ஓடத் தகுதி இருக்கிறது என்ற சான்று, வாங்கணும், இவர்கள் கீழே கை வைப்பதே அதற்கு முந்தின வாரம்தான், அந்த வாரம் மட்டும் வண்டி பூ மாதிரி போகும்.

ஆனால் முதலாளி பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காலையில் இவர் வண்டியை நிறைத்தவர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரம்மாவே, “அஞ்சு நிமிஷம் நின்னா அது வந்துடும், எதுக்குங்க காசு?” என்கிறாள். கட்டணத்தை இவராக ஏற்றவும் முடியாது. மிச்சம் இருப்பவர்களை ஸ்டாப்பில் இழுக்க வேண்டுமென்றால் பெயின்ட்தான் கண்ணில் படும், ஸ்பிரிங் பட்டை படுமா? நானே வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன், பாடி மாற்றிய முதல் மாதம் பக்கத்தில் வந்த பழைய அரசு பஸ்ஸை விட்டுவிட்டு இதில்தான் ஏறினேன்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். ஆடிட்டர் வரும் நாளில் புது வண்டி பக்கமே போவதில்லை, பாடி மாற்றியதில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். பின் சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட் காலியாகவே வந்தாலும் நின்றுகொண்டு போகிறேன்.