அலைனருக்கு முன் திரையில் பார்த்த என் பல்வரிசை

திருச்சி தில்லைநகரில் நான் சிகிச்சை எடுக்கும் பல் சீரமைப்பு கிளினிக் எப்படி என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கிளினிக்கைவிட, பற்கள் எப்படி நகரும் என்று அங்கே எனக்குப் போட்டுக் காட்டிய கணினித் திட்டத்தைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்கு மேலே இடப்பக்கக் கோரைப்பல் திரும்பி நிற்கும். கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன், நாள் முழுக்கப் பேச்சுதான். அதனால் கம்பி வேண்டாம், அலைனர் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பல்வரிசை மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைதான் அலைனர்; ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள்.

முதலில் போனது வேறொரு கிளினிக்குக்கு. ஸ்கேன் எடுத்த கையோடு செல்போனில் ஒரு வீடியோ ஓட்டினார்கள். கோணல் பல் வழுக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றது. "இப்படியே வந்துடும் மேடம், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி உண்டு" என்றார்கள். எந்தப் பல் எவ்வளவு நகரும், அதற்கு இடம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். யாருக்கும் பதில் தெரியவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

தில்லைநகர் டாக்டர் ஸ்கேனோடு, எல்லாப் பற்களும் தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டு முக எக்ஸ்ரே இரண்டையும் எடுக்கச் சொன்னார். வாய்க்குள் விடும் ஸ்கேனர் வெளியே தெரியும் பல்லையும் ஈறையும்தான் பிடிக்கும். வேரும் எலும்பும் அதில் வராது. பேஸ்ட்டை வாயில் அழுத்தி அச்சு எடுக்கும்போது வரும் குமட்டல் இதில் இல்லை என்பது பெரிய நிம்மதி.

திட்டம் தயாரானதும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெரிய திரையில் காட்டினார். அடியில் உள்ள கோட்டில் விரலை நகர்த்தினால் ஒவ்வொரு அலைனர் முடிவிலும் பல் எங்கே நிற்கும் என்று தெரிகிறது. ஒரு அலைனர் ஒரு பல்லைச் சுமார் 0.25 மி.மீ. அளவுக்குத்தான் தள்ளும். கீழ்ப்பற்களின் நடுவே 0.2, 0.3 என்று எண்கள் இருந்தன. இடம் உண்டாக்க எனாமலை அவ்வளவு தேய்க்க வேண்டுமாம்.

அலைனர் செய்யும் ஆய்வகம் அனுப்பிய முதல் திட்டத்தை டாக்டர் ஏற்கவில்லை. அதில் கோரைப்பல் மளமளவென்று திரும்பிவிடுகிறது. "ஸ்கிரீன்ல பல்லுக்கு எலும்பு கிடையாது டீச்சர், இழுத்த பக்கம் போகும். உங்க வாய்ல ஒரு பக்கம் எலும்பு கரைஞ்சு மறுபக்கம் வளர்ந்தாத்தான் பல் நகரும்" என்றார். திருப்பத்தை அதிக அலைனர்களுக்குப் பரப்பினார், பிடிமானத்துக்குப் பல்லின் மேல் ஒட்டும் சின்னப் பொட்டுகளைச் சேர்த்தார், வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும்படி அமைத்தார். திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 50 சதவீதம்தான் வாயில் நடக்கிறது என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. 2009இல் வந்த ஆய்வில் அது 41 சதவீதமாக இருந்தது. இதைப் பணம் கட்டும் முன்பே என்னிடம் சொன்னாரே, அதற்காகவே இந்த டாக்டரைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

கீழ்வரிசைக்கு இரண்டு திட்டங்கள் காட்டினார். ஒன்றில் ஒரு முன்பல்லை எடுத்துவிடுவது. மற்றதில் எனாமலைத் தேய்த்தே சமாளிப்பது. திரையில் இரண்டுமே அழகாகத்தான் இருந்தன. அப்புறம் பற்களுக்கு இடையில் கூர்மையாக ஏறியிருந்த இளஞ்சிவப்பு ஈறின் மேல் பேனாவை வைத்து, "இது சாஃப்ட்வேர் வரைஞ்சது, நிஜத்துல இப்படி நிரம்பும்னு சொல்ல முடியாது" என்றார். பெரியவர்களுக்குப் பல் நேரான பின் ஈறுக்குப் பக்கத்தில் கருப்பு முக்கோணமாக இடைவெளி தெரியலாம். பல்லை எடுத்தால் எனக்கு அதற்கான வாய்ப்பு கூடும், கீழ் நடுக்கோடும் மேல் நடுக்கோட்டோடு சேராது. படத்தை மட்டும் பார்த்திருந்தால் இது எனக்கு எப்படித் தெரியும்? தேய்க்கும் திட்டத்தையே எடுத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. கம்பியைவிடச் செலவு நிறைய. தினமும் 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, பல் தேய்த்து, மறுபடி மாட்ட வேண்டும். இடைவேளை டீயை விட்டுவிட்டேன். திட்டத்தின் பிரதியை நாமாகக் கேட்டால்தான் தருகிறார்கள். கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். டாக்டரை நேரில் பார்க்காமலே வீட்டுக்கு அலைனர் வரவழைக்கலாம் என்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இப்போது கீழ்வரிசை ஏறக்குறைய திரையில் பார்த்தபடியே வந்துவிட்டது. கோரைப்பல் மட்டும் பின்தங்கிவிட்டதால் டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்து, அதற்கெனப் புது அலைனர்கள் செய்யக் கொடுத்திருக்கிறார். அவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கியிருந்தேன்.