பித்தளைக் குடத்தின் கழுத்தைச் சுருக்கக் கொடுக்கும் முன்

ஹட்டன் பக்கம் பழைய பித்தளைச் சாமான்களை உருமாற்றக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, போட்டால் வேறு வம்பு வரும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெரிய கும்பக் குடம் ஒன்று தேவைப்பட்டது. வீட்டில் பாட்டி காலத்துக் குடம் இருந்தது. நல்ல கனமான தகடு, ஆனால் வாய் அகலம். தேங்காயை வைத்தால் உள்ளே இறங்கிவிடும். கழுத்தைக் கொஞ்சம் சுருக்கினால் போதும் என்று டவுனில் பித்தளை வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனோம். "சூடு காட்டித்தானே செய்வீங்க அண்ணே?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கச் சொன்னவர், தேயிலை ஃபெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா. "சூடு காட்டாம எப்பிடித் தம்பி? பரம்பரையா செய்யிற வேலை" என்றார். கூலி 8,500 ரூபாய், பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

குடம் வந்தபோது தங்கம் மாதிரி மின்னியது. தேங்காயும் கச்சிதமாக உட்கார்ந்தது. திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் கழுத்தில் முடி போல நெடுக்காகக் கோடுகள் தெரிந்தன. யாரும் கீழே போடவில்லை, தட்டவில்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் கழுத்து வழியாகத் தண்ணீர் கசிந்து, கீழே பரப்பியிருந்த பச்சரிசி முழுக்க நனைந்துபோனது.

கடைக்காரர் குடத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "புளி போட்டு அழுத்தித் தேச்சிருப்பீங்க" என்றார். புளி தேய்த்துப் பித்தளை பிளக்கும் என்றால் நம் ஊரில் ஒரு குத்துவிளக்கும் மிஞ்சியிருக்காது.

மாமா குடத்தை வாங்கி, கழுத்தின் உள்பக்கத்தைக் கத்தி முனையால் சுரண்டினார். மேலே பூசியிருந்த லேக்கர் என்ற வார்னிஷ் உரிந்தது, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஏதோ சுருண்டு வந்தது. ஈயப் பற்று. அதாவது, கழுத்து கடையிலேயே வெடித்திருக்கிறது. வெடிப்பை ஈயத்தால் அடைத்து, மேலே பாலிஷ் போட்டு, லேக்கர் பூசிக் கொடுத்திருக்கிறார். வேலை பிசகுவது யாருக்கும் நடக்கும். வெடித்ததை மறைத்து முழுக்கூலி வாங்கியதுதான் மோசடி.

மாமா சொன்ன விளக்கம் இது. தகட்டுப் பித்தளையில் பெரும்பாலும் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு இருக்கும். குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்க அது இறுகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் டக்கென்று ஒடிகிறதே, அது போலத்தான். அதனால் கொஞ்சம் அடித்ததும் 400 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு காட்டி இளக்க வேண்டும், திரும்ப அடிக்க வேண்டும், திரும்ப இளக்க வேண்டும். சூடான பித்தளையைத் தண்ணீரில் போட்டாலும் உருக்கைப் போல இறுகாது, ஆகவே ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. விறகும் நேரமும் மிச்சம் என்று ஒரே மூச்சில் அடித்து முடித்தால் கழுத்து வெளியே அழகாக இருக்கும், உள்ளே இழுவிசை நிற்கும். அந்த நிலையில் ஈரமும் அமோனியாவும் பட்டால் தானாகவே பிளக்கும். மழையும் பனிமூட்டமும் நமக்குக் குறைவா? லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி இருந்தால் அமோனியாவுக்கும் குறைவில்லை. கடைசியாக 250, 300 பாகையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால்கூட அந்த இழுவிசை இறங்கியிருக்கும் என்றார்.

இது புது விஷயம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் இப்படித்தான் தானாக வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது.

தோட்டா என்றதும் சித்தப்பா மகன் ஞாபகம் வந்தான். ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறான். சுட்டு முடித்த .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டாக் கூடுகளின் கழுத்தைச் சுருக்கி, .243 வின்செஸ்டர் என்ற சிறிய குண்டு வகைக்கு ஆக்குவது அவனுடைய பொழுதுபோக்கு. ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர் குண்டு பிடித்த வாய், 6.2 மில்லிமீட்டர் குண்டுக்குச் சுருங்க வேண்டும். நம் குடத்து வேலைதான், அளவுதான் சின்னது. சுருக்கும்போது கழுத்துத் தகடு தடிக்கும். தடித்ததைச் சீவி எடுக்காவிட்டால் குண்டு இறுகி, சுடும்போது அழுத்தம் எகிறும். சூடு காட்டுவதும் கழுத்துக்கு மட்டும்தான். அடிப்பாகம் இளகினால் வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்காது என்று அதைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுத்தான் சுடரைக் காட்டுவார்களாம்.

குடத்தின் படத்தை அனுப்பினேன். "கோடு நெடுக்கா ஓடுதே, இளக்காம நெருக்கினா இப்பிடித்தான் வெடிக்கும்" என்றான். இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்குமாம். சூடு காட்டியதற்கு அடையாளமாக அதைத் துடைக்காமல் விட்டுவிடுவார்களாம்.

அதனால் நீங்கள் கொடுத்தால், பாலிஷ் போடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். சூடு கண்ட கறை இருக்க வேண்டும். "பாலிஷ் போட்டுத்தான் காட்டுவேன்" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். லேக்கர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல பித்தளை கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது தட்டென்று அடங்கும். உள்பக்கம் நகத்தை ஓட்டுங்கள். முடிந்தால் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஈயத்தைச் சுரண்டிக் காட்டிய பிறகு கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். எப்படி என்றால், குடத்தைப் பழைய பித்தளை விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்! பேசிப் பேசி முன்பணத்தை மட்டும் திருப்பி வாங்கினோம். மீதிக்கு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். முதலில் பற்றுச்சீட்டைத்தான் கேட்டார்கள். என்னிடம் இருப்பதில் "பித்தளை வேலை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன வேலை, எந்தப் பாத்திரம், என்ன எடை, ஒன்றும் இல்லை. இவற்றையெல்லாம் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

குடம் இப்போது பிலிமத்தலாவையில் வேறொருவரிடம் இருக்கிறது. வெடித்த கழுத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு கழுத்து வைக்க வேண்டும் என்கிறார். அடுப்பைக் காட்டினார், பக்கத்தில் நின்று பார்க்கவும் சம்மதித்தார்.